‘பிஎம்’ என்று போட்ட மாத்திரை: அமெரிக்காவில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்கும் முன்

அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து இறங்கிய மூன்றாம் நாள், ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் வீட்டு அடுப்படியில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கோடையில் நியூ ஜெர்சியில் ராத்திரி இரண்டு என்றால் சென்னையில் காலை பதினொன்றரை. அவர்கள் உடம்பைப் பொறுத்தவரை அது சாம்பார் கொதிக்கிற நேரம். மதியம் இரண்டு மணிக்கு அதே உடம்பு, ராத்திரி பதினொன்றரை ஆகிவிட்டது என்று சோபாவிலேயே சாய்ந்துவிடும்.

நான் நல்ல பிள்ளையாக என் அலமாரியில் இருந்த ஒரு ‘பிஎம்’ புட்டியை எடுத்தேன். வலி மாத்திரையோடு தூக்க மருந்தையும் சேர்த்தது. “இது சும்மா கடையில விக்கிறதுதான்ப்பா, ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லி மறுநாள் ராத்திரி அப்பாவுக்கு இரண்டு கொடுத்தேன். நன்றாகத் தூங்கினார். காலை பத்து மணி ஆகியும் கீழே இறங்கி வரவில்லை. அம்மாதான் வந்து மெதுவாகச் சொன்னாள்: “ராத்திரியிலேர்ந்து அவருக்கு ஒண்ணுக்கே போகலையாம்டா. அடிவயிறு கல்லு மாதிரி இருக்குங்கறார்.”

அவசர சிகிச்சைப் பிரிவில் குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள். அப்பாவுக்கு ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கம் உண்டு. அதற்கு மாத்திரையும் சாப்பிடுகிறார். அது எனக்குத் தெரியும். புராஸ்டேட் வீங்கி, சிறுநீர் போகச் சிரமப்படுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை எடுக்கக் கூடாது என்று புட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததுதான் தெரியாது. நான் படித்தது முன்பக்கத்தை மட்டும். புதிதாக இங்கே வந்திருப்பவர்களும், பெற்றோரைக் கூப்பிட்டு வைத்திருப்பவர்களும் அந்தப் பின்பக்கத்தைப் படித்துப் பழக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அலமாரியில் இருப்பது என்ன

நம் ஊரில் தூக்க மாத்திரை என்றால் அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் மாதிரி மருந்துகள். அவை எச்1 பட்டியலில் இருக்கின்றன. சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது. சீட்டைப் பார்த்துத் தந்தாலும் நோயாளி பெயர், மருத்துவர் பெயர் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால் ‘தூக்க மாத்திரை’ என்ற சொல்லுக்கே நம்மிடம் ஒரு பயம் உண்டு. இங்கே சிவிஎஸ், வால்கிரீன்ஸ் மாதிரி மருந்துக் கடைகளில் ஷாம்புவுக்கு அடுத்த வரிசையில் அதே பெயரில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்ததும், இது ஏதோ மிட்டாய் மாதிரி என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

நம் ஊரில் சொல்கிற அந்த மாத்திரைகள் இந்த அலமாரியில் இல்லை. சீட்டில்லாமல் கிடைப்பது வேறு ரகம். நிலா, நட்சத்திரம், ஊதா நிறம் என்று முப்பது பெட்டிகள் இருந்தாலும், மருந்து என்று விற்கிறவற்றில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்குள்ளும் இரண்டில் ஒன்றுதான் இருக்கும்: டைஃபென்ஹைட்ரமின் அல்லது டாக்ஸிலமின். இரண்டுமே பழைய காலத்து அலர்ஜி மருந்துகள். அவில் போட்டால் கண் சொருகுமே, அதே குடும்பம். அமெரிக்காவில் டைஃபென்ஹைட்ரமின், பெனட்ரில் என்ற பெயரில் 1946ல் மருத்துவர் சீட்டோடு வந்தபோது அது தும்மலுக்கும் அரிப்புக்குமான மருந்து. தூக்கம் வந்தது அதன் பக்க விளைவு. அந்தப் பக்க விளைவையே பிறகு தனிப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், அவ்வளவுதான்.

டாக்ஸிலமினும் நம்மவர்களுக்குப் புதிதில்லை. கர்ப்பகால வாந்திக்கு எழுதிக்கொடுக்கும் டாக்சினேட்டில் இருப்பது இதுதான், பி6 வைட்டமினோடு சேர்ந்து. அதற்காகக் கர்ப்பிணிகள் கடையில் வாங்கித் தாங்களாகப் போட்டுக்கொள்ளலாம் என்று இல்லை. அளவு வேறு. மகப்பேறு மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

முதலில்: மாத்திரை தேவைதானா

தூக்கம் வராததற்கு ஒரு காரணம் இருக்கும். பெற்றோருக்கு என்றால் பெரும்பாலும் நேர மாற்றம். அது தானாகச் சரியாகிவிடும். உடம்பு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போல நகரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியத் தூக்கத்தை அரை மணியில் எழுப்பிவிடுவது, பகலில் வெளியே வெயிலில் நடக்க வைப்பது, மாலைக் காபியை நிறுத்துவது என்று இந்த மூன்றையும் செய்தால் பாதி வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் மாலைக் காபியை நிறுத்துவதுதான் பெரிய போராட்டமாக இருந்தது.

உங்களுக்கே தூக்கம் வரவில்லை என்றால், ராத்திரி பத்து மணிக்குப் பெங்களூர் டீமோடு பேசிவிட்டுப் பதினொன்றுக்குப் படுக்கிறீர்களா என்று பாருங்கள். சர்க்கரை கூடி ராத்திரி நான்கு தடவை எழுந்திருப்பவருக்கும், குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறவருக்கும், மாலையில் நீர் மாத்திரை போடுகிறவருக்கும் தூக்க மாத்திரை பதில் அல்ல. குறட்டைக்காரருக்கு அது கெடுதலாகவும் முடியலாம்.

பெட்டியைத் திருப்புங்கள்

இங்கே சீட்டில்லாமல் விற்கும் ஒவ்வொரு மருந்திலும் ‘டிரக் ஃபேக்ட்ஸ்’ என்ற தலைப்பில் ஒரு கட்டம் இருக்கும். எல்லாப் பெட்டியிலும் ஒரே வரிசை. முதல் வரியே ‘ஆக்டிவ் இன்கிரீடியன்ட்’, அதாவது உண்மையில் வேலை செய்கிற மருந்தும் ஒரு மாத்திரையில் அது எத்தனை மில்லிகிராம் என்பதும். பக்கத்தில் ‘பர்ப்பஸ்’ என்று அது எதற்கு என்று போட்டிருக்கும். வாங்குவதற்கு முன்னால் இந்த இரண்டையும் படியுங்கள். முன்பக்கப் பெயரை நம்பவே நம்பாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெயர்கள் நம்மை ஏமாற்றும். யூனிசம் ஸ்லீப்டேப்ஸில் இருப்பது டாக்ஸிலமின் 25 மில்லிகிராம். அதே யூனிசம், ஸ்லீப்ஜெல்ஸ் என்று போட்டிருந்தால் உள்ளே டைஃபென்ஹைட்ரமின் 50. ஸீக்வில் என்பது டைஃபென்ஹைட்ரமின். அதே பெயரோடு ‘ப்யூர் ஸீஸ்’ சேர்ந்துவிட்டால் அது மெலடோனின், ராத்திரியில் உடம்பே சுரக்கிற ஹார்மோன். நைக்வில் சளி மருந்து. அதிலும் டாக்ஸிலமின் இருக்கிறது. போன தடவை வாங்கிய அதே டப்பாதான் என்று நினைத்து வேறொன்றை எடுத்து வருவது மிகச் சுலபம்.

அப்புறம் இந்த ‘பிஎம்’. டைலெனால் பிஎம் இரண்டு மாத்திரையில் தூக்க மருந்து 50 மில்லிகிராம், அதோடு அசிட்டமினோஃபென் 1000 மில்லிகிராம். அசிட்டமினோஃபென் என்ற பெயரைப் பார்த்து விழிக்க வேண்டாம், அது நம் பாராசிட்டமால்தான். ஊரிலிருந்து வருகிறவர்களின் கைப்பையில் டோலோ 650 இல்லாமல் இருக்காது. பகலில் முட்டிவலிக்கு மூன்று டோலோ, சளிக்கு நைக்வில் (அதிலும் பாராசிட்டமால் உண்டு), படுக்கப் போகும்போது இது என்று போனால், ஒரு நாளுக்கான உச்ச அளவான 4000 மில்லிகிராமை யாரும் கவனிக்காமலே நெருங்கிவிடலாம். அடி வாங்குவது கல்லீரல். அட்வில் பிஎம்மில் இருப்பது ஐபுபுரூஃபன். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு அது ஆகாது. இதயத்துக்காக தினமும் எக்கோஸ்பிரின் எடுப்பவர்களுக்கு அந்த ஆஸ்பிரினின் பலனையே அது கெடுக்கக்கூடும். வலி இல்லாதவருக்கு ‘பிஎம்’ மாத்திரை எதற்கு? தூக்கத்துக்கு மட்டும் வேண்டுமானால் தூக்க மருந்து மட்டும் இருக்கிற பெட்டியை எடுங்கள். நான் செய்த முதல் தப்பு இதுதான்.

கட்டத்தின் கடைசியில் ‘இன்ஆக்டிவ் இன்கிரீடியன்ட்ஸ்’ வரும். சைவக்காரர்கள் அதில் ஜெலட்டின் இருக்கிறதா பாருங்கள். பளபளவென்று இருக்கும் மென்குளிகைகளில் பெரும்பாலும் இருக்கும், அது விலங்கிலிருந்து வருவது. அழுத்திச் செய்த கெட்டி மாத்திரை என்றால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. திரவ மருந்துகள் சிலவற்றில் 10% ஆல்கஹால் உண்டு. அம்மாவுக்குத் தெரிந்தால் புட்டி நேரே குப்பைக்குத்தான் போகும்.

யார் தொடவே கூடாது

இந்த மருந்துகள் மூளையில் மட்டும் வேலை செய்வதில்லை. உடம்பில் நீர் சுரப்பதையும் தசை சுருங்குவதையும் நடத்துகிற ஒரு சமிக்ஞையைத் தடுக்கின்றன. அதனால் வாய் உலரும், மலம் கட்டும், கண் மங்கும், சிறுநீர்ப்பை சுருங்க மறுக்கும், வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும். அப்பாவுக்கு நடந்ததும் இதுதான்.

ஆகவே புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய், ஆஸ்துமா அல்லது நாள்பட்ட மூச்சுக்குழாய்ச் சளி, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. கவலைக்கோ வலிப்புக்கோ மயக்கம் தரும் மாத்திரை ஏற்கெனவே எடுப்பவர்களும் அப்படியே. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் தூக்கத்துக்காக இதைக் கொடுக்கவே கூடாது. விமானத்தில் குழந்தை அழாமல் இருக்க ஒரு மூடி பெனட்ரில் ஊற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சில பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதற்குப் பதில் வெறி பிடித்த மாதிரி துள்ளவும் செய்யும். அப்புறம் பதினாறு மணி நேரம் உங்கள் பாடு.

65 வயது தாண்டியவர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று ‘பியர்ஸ்’ பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. டைஃபென்ஹைட்ரமின், டாக்ஸிலமின் இரண்டுமே அதில் இருக்கின்றன. வயதானால் மருந்து உடம்பைவிட்டு வெளியேற அதிக நேரம் ஆகிறது. அதனால் காலையிலும் தலை கிறங்கும், கால் தள்ளாடும், பேச்சு குழறும். இங்கே வீடுகளில் படுக்கையறை மாடியில், கம்பளம் விரித்த படிக்கட்டு, புது இடம், இருட்டு. ஊரில் தரைத்தள வீட்டில் நாற்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு நடந்தவர்கள் இங்கே மூன்று மணிக்கு எழுந்து பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தேடுகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் வருகையாளர் காப்பீடு எதையெல்லாம் தராது என்று அப்போதுதான் படிக்க ஆரம்பிப்போம். என்னைக் கேட்டால், ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு இந்த மாத்திரை வேண்டாம்.

சரி, யாரிடம் கேட்பது என்று குழப்பமா? மருந்துக் கடையின் பின்கோடியில் இருக்கும் பார்மசிஸ்ட்டிடம் போங்கள். காசில்லை, அப்பாயின்ட்மென்ட் இல்லை. ஆனால் வெறும் கையோடு போகாதீர்கள். எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் பிராண்டு பெயரில் அல்லாமல் உள்ளிருக்கும் மருந்தின் பெயரில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நம் ஊர்ப் பிராண்டுகள் அவர்களுக்குத் தெரியாது. அட்டையின் பின்பக்கத்தைப் போனில் படம் பிடித்துக் காட்டினாலும் போதும். உதாரணத்துக்கு, ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மெட்டோபிரோலால் எடுப்பவர்களுக்கு டைஃபென்ஹைட்ரமின் சேர்ந்தால் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் கூடும், நாடித்துடிப்பு குறையலாம். இதெல்லாம் நாம் யோசித்துக் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை.

எடுப்பதென்றால்

உடம்பில் வேறு தொந்தரவு இல்லாத, நடுவயதுக்காரர் ஒருவர், ஒன்றிரண்டு ராத்திரிக்கு மட்டும் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவருக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு.

மறுநாள் கார் ஓட்ட வேண்டியதில்லாத ஒரு ராத்திரியில் முதல் தடவை எடுங்கள். வெள்ளிக்கிழமை நல்லது. உங்கள் உடம்புக்கு அது எப்படி ஒத்துக்கொள்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். டைஃபென்ஹைட்ரமின் என்றால் பெட்டியில் 50 மில்லிகிராம் வரை போட்டிருக்கும். முதல் தடவைக்கு 25 போதும். டாக்ஸிலமின் என்றால் ஒரு மாத்திரை, படுப்பதற்கு அரை மணி முன்னால். ஏழெட்டு மணி நேரம் தூங்க நேரம் இருந்தால் மட்டுமே எடுக்க வேண்டும். ராத்திரி மூன்று மணிக்குப் புரண்டு படுத்துக்கொண்டு ‘இப்போ ஒண்ணு போட்டா என்ன’ என்று தோன்றும், போடாதீர்கள். நடுவயதுக்காரர் உடம்பிலேயே டைஃபென்ஹைட்ரமின் பாதியாகக் குறைய ஒன்பது மணி நேரம் போல ஆகிறது. மூன்று மணிக்கு விழுங்கியதில் பாதி, மதியம் பன்னிரண்டு மணி மீட்டிங்கிலும் உங்களோடு உட்கார்ந்திருக்கும்.

அன்று ராத்திரி பீர், ஒயின் எதுவும் கூடாது. அலர்ஜிக்கு வேறு மாத்திரை போட்டிருந்தால் இது வேண்டாம். கொசுக்கடிக்குத் தடவும் பெனட்ரில் கிரீமிலும் டைஃபென்ஹைட்ரமின் உண்டு. தோலில் பூசுவதைக்கூடச் சேர்த்துப் பயன்படுத்தாதே என்று பெட்டியிலேயே எழுதியிருப்பார்கள். ஒன்று போட்டும் தூக்கம் வரவில்லை என்றால் இன்னொன்று போடக் கூடாது. இதுதான் பலர் வழுக்குகிற இடம். அளவு மிஞ்சினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். இணையத்தில் பிள்ளைகள் பந்தயம் கட்டி இதை விழுங்கியபோது 2020 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஃப்டிஏ எச்சரிக்கையே விட்டது.

எத்தனை நாள்? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்கிறது பெட்டி. என் கணக்கில் அதுவே அதிகம். தொடர்ந்து எடுத்தால் உடம்பு மூன்று நான்கு நாளிலேயே பழகிக்கொள்கிறது, மருந்து மந்தமாகிவிடுகிறது. வாய் உலர்வதும் மலச்சிக்கலும் மட்டும் போகாது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2017 வழிகாட்டுதல், நாள்பட்ட தூக்கமின்மைக்கு டைஃபென்ஹைட்ரமினைப் பரிந்துரைக்கவில்லை. மாதக் கணக்கில் தூக்கம் வராதவர்களுக்கு முதல் சிகிச்சை மாத்திரையே இல்லை. சிபிடி-ஐ எனப்படும் பேச்சும் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சை. படுக்கையில் விழித்துக்கிடக்கும் நேரத்தைக் குறைப்பது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, என்ன ஆனாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுவது என்று சில வாரங்கள் பழக்குவார்கள். உங்கள் வழக்கமான மருத்துவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மெலடோனின் வேறு கதை

நேர மாற்றத்துக்கு ஓரளவு ஆராய்ச்சித் துணையுள்ளது மெலடோனின்தான். ஐந்து நேர மண்டலங்களுக்கு மேல் கடந்து வருகிறவர்களுக்கு, போய்ச் சேர்ந்த ஊரின் படுக்கை நேரத்தில் சில நாள் எடுத்தால் உதவும் என்று பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அரை மில்லிகிராமிலிருந்து 5 வரை சோதித்திருக்கிறார்கள். சிறிய அளவே பெரும்பாலும் போதும். ஆனால் கடையில் 10 மில்லிகிராம் டப்பாதான் கண்ணில் அதிகம் படுகிறது. 1 மில்லிகிராமைத் தேடி எடுங்கள்.

ஒரு சிக்கல் என்னவென்றால், இங்கே அது மருந்தாக அல்ல, உணவுச் சேர்க்கையாக விற்கிறது. 1994ல் வந்த சட்டப்படி, விற்பதற்கு முன்னால் எஃப்டிஏ அதைச் சோதிப்பதில்லை. 2017ல் வெளியான ஒரு கனடா ஆய்வில் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்தபோது, லேபிளில் போட்டதைவிட 83% குறைவாக இருந்ததும் உண்டு, 478% அதிகமாக இருந்ததும் உண்டு. அதனால் மருந்துத் தரம் பார்க்கும் தனி அமைப்பு ஒன்று சோதித்துக் கொடுக்கும் ‘யுஎஸ்பி வெரிஃபைட்’ முத்திரை இருக்கும் டப்பாவை வாங்குங்கள். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், சுகர் பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் இதையும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பழமிட்டாய் மாதிரி செய்த ‘கம்மி’ மெலடோனின் வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், பூட்டி. 2012க்கும் 2021க்கும் இடையில் பிள்ளைகள் மெலடோனினை விழுங்கிவிட்டதாக அமெரிக்க நச்சு உதவி மையங்களுக்கு வந்த அழைப்புகள் 530% கூடியிருக்கின்றன. தாத்தா பாட்டியின் கைப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டை

சில பெற்றோர் ஊரில் தினமும் அல்பிரசோலம் எடுப்பார்கள், நம்மிடம் சொல்ல மாட்டார்கள். “நரம்பு மாத்திரை” என்றோ “பிபிக்குச் சின்ன மாத்திரை” என்றோ சொல்லுவார்கள். நாம் அதன் மேல் இங்கத்திய தூக்க மாத்திரையைக் கொடுத்தால் மூச்சே மந்தமாகிவிடலாம். வந்த அன்றே உட்கார வைத்து, கொண்டுவந்த அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்பச் சொல்லுங்கள். சிவப்புக் கட்டம் போட்டு எச்1 எச்சரிக்கை அச்சிட்ட அட்டை ஏதாவது இருந்தால் அதைத் தனியாக எடுத்து என்ன, எத்தனை நாளாக என்று கேளுங்கள். தினமும் எடுக்கிறவரிடம் அதைத் திடீரென்று நிறுத்தவும் சொல்லக் கூடாது, வலிப்பு வரை போகும். வாங்கிய சீட்டும், பிரிக்காத அட்டையுமாகக் கொண்டுவரச் சொல்வது பயணத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

ஏதாவது தப்பாகிவிட்டால்

அளவுக்கு மேல் எடுத்துவிட்டாரோ, பிள்ளை டப்பாவைத் திறந்துவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால், ஆள் நன்றாக விழித்திருக்கும்போதே 1-800-222-1222க்கு அழையுங்கள். நச்சு உதவி மையம்; இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். வாந்தி எடுக்க வைப்பது, உப்புத் தண்ணீர் கொடுப்பது எதுவும் வேண்டாம். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போது, ஆளின் வயது எடை என்ன என்று கேட்பார்கள். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு சரியாக இல்லை, வலிப்பு வருகிறது, இல்லாததைக் காற்றில் பிடிக்கிற மாதிரி கையை அசைக்கிறார் என்றால் நேரே 911. சிறுநீர் ஆறேழு மணி நேரமாகப் போகவில்லை, அடிவயிறு உப்பி வலிக்கிறது என்றால் அதுவும் அவசரம்தான்; காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அப்பா மாதிரி ஆட்கள் வெட்கப்பட்டு வாயைத் திறக்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அந்த எண்ணை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், அம்மா கொண்டுவந்த தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். கீழே அப்பாவின் மாத்திரைப் பட்டியல். ‘பிஎம்’ புட்டியை அப்பாவே குப்பையில் போட்டார். அதற்கு அடுத்த வாரம் இருவரும் ராத்திரி பத்து மணிக்குத் தூங்கி, காலை ஐந்துக்கு எழுந்தார்கள். ஐந்தேகாலுக்கு அடுப்படியில் மிக்சி சத்தம் கேட்டது.